நாலு விரல் மனிதரின் படம்

நம்முடைய புகைப்படச் சங்கத்தின் சார்பில் இனிமேல் வெளியே போய்ப் பேசப் போகிற உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். புரொஜெக்டரை எங்கே வைப்பது, திரையை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் இரண்டு கூட்டத்தில் வந்துவிடும். எனக்கு இருபது வருடம் ஆகியும் வராத ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியுமா என்பது சந்தேகம்.

நான் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். சனி ஞாயிறுகளில் புகைப்பட வரலாறு, சினிமா வரலாறு என்று ஒரு பெட்டி நிறைய ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு பினாங்கு முழுவதும் அலைந்திருக்கிறேன். மாதர் சங்கம், கோயில் இளைஞர் குழு, தொழிற்சாலை மனமகிழ் மன்றம், வாசகசாலை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். என்னுடைய முதல் கூட்டத்துக்கு நூறு பேர் வந்தார்கள். கால் மணி நேரத்தில் எண்பது பேர் எழுந்து போய்விட்டார்கள். "படம் காட்டுறாங்கன்னு சொன்னாங்க, இது ஆடவே மாட்டேங்குதே லா" என்று ஒருவர் வாசலில் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் கூட்டத்தைப் பிடித்து உட்கார வைக்கக் கதை சொல்லக் கற்றுக்கொண்டேன். அதுதான் வினையாகவும் முடிந்தது.

என்னிடம் ஒரு ஸ்லைடு இருந்தது. மூடப்போன ஒரு பழைய ஸ்டூடியோவிலிருந்து நான் வாங்கி வந்த கண்ணாடித் தகடு ஒன்றிலிருந்து நானே எடுத்தது. ஒரு கூடாரத்தின் முன்னால் ஐந்து ஆண்கள். நடுவில், கையால் சுற்றுகிற பழைய சினிமா மிஷின். அதன் பக்கத்தில் நிற்பவர் ஒரு கையை மிஷினின் கைப்பிடியிலும் மற்றக் கையை மிஷினின் தலையிலும் வைத்திருக்கிறார். மிஷினின் தலைமேல் இருக்கும் அந்தக் கையில் சுண்டு விரல் இல்லை. அவர்கள் யார், எந்த ஊர், எந்த வருடம், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் மேடையில் தெரியாது என்று சொல்வது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே, "ஜப்பான் சண்டைக்கு முன்னால் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டியவர்கள்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் சேர்த்தேன். "இந்த அண்ணனைப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றுவதை விட்டுவிட்டுத் திரையில் வந்த கதாநாயகியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிஷின் சுண்டு விரலைத் தின்றுவிட்டது" என்பேன். சபை குலுங்கும். ஏழு வருடம் இந்த ஒரு விரலை வைத்து நான் சிரிக்க வைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெலுத்தோங்கில் ஒரு மாதர் சங்கத்துக்குப் பேசப் போனேன். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே மாடியில் ஒரு சிறிய மண்டபம். படியேறும்போது கால் இடறி ஸ்லைடுத் தட்டு கவிழ்ந்தது. அறுபது ஸ்லைடுகளும் படிக்கட்டில் சிதறின. பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அவசர அவசரமாகப் பொறுக்கி, வரிசை மட்டும் பார்த்து உள்ளே செருகிவிட்டுப் பேச்சைத் தொடங்கினேன்.

அந்த ஸ்லைடு வந்தது. வழக்கம்போல் கதாநாயகி, கைப்பிடி, விரல். வழக்கம்போல் சிரிப்பு. சிரிப்பு அடங்கும்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது இருக்கும். பூப்போட்ட சட்டையும் கைலியும் உடுத்தியிருந்தார்.

"சார், அது மிஷின்ல போகல."

"என்னம்மா?"

"அந்த வெரலு. அது மிஷின்ல போகல. வெறகு பொளக்கும்போது போச்சு. அது எங்கப்பா சார்."

நாற்பது பெண்கள் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். "அப்படியா அம்மா, ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்கான பொத்தானை அழுத்தினேன். திரையில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெட்டிக் கேமரா வந்தது. அதைப் பற்றி நான் பேசினேன். என்ன பேசினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பின்பும் அவர் காத்திருந்தார். பெயர் பாக்கியம். ஜெலுத்தோங் பாசாரில் கடை போட்டுத் தேங்காய் திருவி விற்கிறவர்.

"எனக்கு அப்ப அஞ்சு வயசு சார். ஜப்பான்காரன் காலத்துல அப்பாவ சயாம் ரயில் வேலைக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, திரும்பல. அண்ணே சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்ககிட்ட அவரு படம் ஒண்ணுகூட இல்ல. மொகம் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கை தெரியும். அவரோட எடது கையப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவேன். நாலு வெரலுதான் இருக்கும்."

"இடது கையா?"

"எடது கைதான். நான் அந்தப் பக்கம்தான் படுப்பேன். அந்தப் படத்துல ஒரு காப்பி கழுவித் தருவீங்களா?"

தருகிறேன் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் சொன்னதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

அவர் போன பிறகு ஸ்லைடுகளை அடுக்கினேன். ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது என் பழக்கம். புள்ளி மேலே வலது பக்கம் வந்தால் படம் நேராகத் தெரியும். இந்த ஸ்லைடில் புள்ளி மறுபக்கம் இருந்தது. படிக்கட்டில் விழுந்ததைப் பொறுக்கும்போது நான் திருப்பிச் செருகிவிட்டேன். அன்று மாலை திரையில் தெரிந்தது கண்ணாடியில் தெரிவதுபோல் இடமும் வலமும் மாறிய படம். அப்படியானால் விரல் இல்லாதது இடது கை அல்ல. வலது கை.

அந்தப் பெண் இடது கை என்றாரே.

நான் அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்டுபிடித்தது ஒரு கையை வைத்து. அந்தக் கையோ என் கவனக்குறைவால் வந்தது. அவருடைய அப்பாவை நான் என் கையாலேயே உண்டாக்கிக் கொடுத்துவிட்டேனா?

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோபம் வந்தாலும் அவளுடைய பேச்சு மெதுவாகத்தான் இருக்கும்.

"அந்த மனுசி கண்டதைப்போலவே திருப்பிக் கழுவிக் குடுங்கோவன். உங்களுக்கு என்ன நட்டம்?"

"அது பொய்யல்லவா?"

"ஏழு வருசமாய் அந்த மனுசன்ரை விரலைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் உண்மையோ?"

மறுநாள் நம் சங்கச் செயலாளரிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வரலாறு என்றால் வரலாறு, சரியான படத்தைக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொல்லிவிடு என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகப்பட்டது. அதனால் நான் எதையும் செய்யவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று போயிற்று. சனிக்கிழமைகளில் ஜெலுத்தோங் பாசார் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டேன்.

"சார்! போட்டோ கழுவியாச்சா?"

"பேப்பர் தீர்ந்துவிட்டது அக்கா. சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும்."

"பரவால்ல சார். நாப்பது வருசம் இருந்துட்டேன், பேப்பரு வர்ற வரைக்கும் இருக்க மாட்டேனா" என்று சிரித்தார்.

வீட்டில் இரண்டு பெட்டி பேப்பர் இருந்தது. உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்பாராத கேள்வி வரும்போது வாயில் முதலில் வருவது எது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு முதலில் வந்தது ஒரு சரளமான பொய். மேடைப் பழக்கம் என்னை அப்படி ஆக்கியிருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அக்கரையில் பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலை மன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஸ்லைடை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுக்கவில்லை. சிவப்புப் புள்ளியைப் பார்த்து நேராகச் செருகினேன். விரல் கதையைச் சொல்லவில்லை. "ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டியவர்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். ராஜு என்று ஒரு மிஷின் பிட்டர். வேலை உடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒரு டவுட்டு. அந்த மிஷினுக்கு கைப்பிடி ஏன் பீச்சாங்கைப் பக்கம் இருக்கு?"

"என்ன தம்பி?"

"எல்லா மிஷினும் சோத்தாங்கைக்காரனுக்குத்தானே செய்வாங்க லா. இவரு பீச்சாங்கையால சுத்திக்கிட்டு நிக்கிறாரு. இவருக்குன்னு ஸ்பெஷலா செஞ்சாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அந்தக் காலத்துச் சில மிஷின்கள் அப்படித்தான் தம்பி, பிற்பாடுதான் மாற்றினார்கள்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நம்பிவிட்டார். நான் சொன்னது எனக்கே புதிய செய்தி.

திரும்பும்போது பட்டர்வொர்த்தில் பெரிப் படகில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னை அறியாமலே கையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினேன். திரையைப் பார்த்து நிற்பதுபோல் நின்று, வலது கையால் ஒரு சுற்று. இடது கையால் ஒரு சுற்று. பக்கத்தில் நின்ற ஒரு சீன அம்மாள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். நான் பார்த்த ஒவ்வொரு மிஷினையும் நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கைப்பிடி வலது பக்கம்தான். புத்தகங்களில் இருந்த படங்கள், நம் சங்கத்து அலமாரியில் துருப்பிடித்துக் கிடந்த ஒன்று, எல்லாமே வலது பக்கம். ஏழு வருடம் சினிமா வரலாறு பேசியவனுக்கு இது தெரியவில்லை. ஒரு பிட்டர் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்தேன். இந்தத் தகடுகளில் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கம் எது என்று பார்த்தால் படத்தில் எது நேர், எது புரட்டு என்று தெரிந்துவிடும். முதல் முதலில் வாங்கி வந்த நாளில் நான் அதைச் சரியாகப் பார்க்காமல் தவறான பக்கத்தில் 'நேர்' என்று சீட்டு ஒட்டியிருந்தேன். அதற்குப் பிறகு தகட்டைப் பார்க்கவே இல்லை. என் கையெழுத்தில் இருந்த சீட்டைத்தான் பார்த்தேன்.

ஏழு வருடமும் நான் காட்டியது புரட்டிய படம். ஜெலுத்தோங்கில் படிக்கட்டில் விழுந்து, பொறுக்கி, தவறாகச் செருகிய அந்த ஒரு மாலையில்தான் படம் நேராக இருந்தது. விரல் இல்லாதது இடது கைதான். பாக்கியம் அக்கா சரி. நான்தான் பிழை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மனைவியைக் கூப்பிட்டு விளக்கினேன். அவள் இரண்டு முறை கேட்டாள். "அப்ப பிழையாய்ப் போட்டதுதான் சரி, சரியாய்ப் போட்டதுதான் பிழையோ?" என்றாள். ஆமாம் என்றேன். "உங்கடை வேலை எனக்கு விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாளே படத்தைக் கழுவினேன். நல்ல பேப்பரில், பெரிதாக. சனிக்கிழமை காலையில் பாசாருக்குக் கொண்டு போய், மிஷின் கைப்பிடியும் கண்ணாடித் தகடும் காட்டிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். பாக்கியம் அக்கா திருவும் மிஷினை நிறுத்திவிட்டுக் கையை மூன்று தடவை கழுவித் துடைத்த பிறகுதான் உறையை வாங்கினார். பார்த்தார். அழவில்லை. அந்தக் கையின் மேல் விரலை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"அக்கா, அன்றைக்கு அந்த விரலைப் பற்றி நான் சொன்னது... தெரியாமல் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன் சார்" என்றார் அவர். "சிரிச்சிட்டுத்தான் கையப் பாத்தேன்."

இதை அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பாசார் இரைச்சலில் நான் தேங்காய் மட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், ஒரு ஒதவி. எங்கண்ணே பாலிக் புலாவ்ல இருக்காரு. நான் போய்க் காட்டினா நம்ப மாட்டாரு, நீ சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்னுவாரு. நீங்க வந்து அந்த மிஷினு, கண்ணாடி எல்லாத்தையும் சொன்னீங்கன்னா நம்புவாரு."

நான் உடனே சம்மதித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் கதையை இன்னொருவரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் தவறு எப்படிச் சரியாயிற்று என்பது எனக்கே ஒரு நல்ல பேச்சாகத் தோன்றத் தொடங்கியிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை பஸ்ஸில் போனோம். மலைப்பாதை வளைந்து வளைந்து போகும். பாக்கியம் அக்கா படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். அவருடைய அண்ணன் முத்தையா ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தார். கொட்டகையில் உட்கார்ந்து ஜாதிக்காயைப் பிளந்து பாயில் போட்டுக்கொண்டிருந்தார். தங்கையைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அப்பா போனபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருந்திருக்கும். ஞாபகம் வைத்திருக்கக்கூடிய வயது.

பாக்கியம் அக்கா படத்தை அவர் முன்னால் நீட்டினார்.

"அண்ணே, பாரு. அப்பா."

"இல்ல."

"கண்ணாடியப் போட்டுப் பாருண்ணே."

மூக்குக் கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டார். நேரம் எடுத்துப் பார்த்தார். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"இல்ல பாக்கியம். அப்பாவுக்கு மீசை இப்படி இருக்காது."

"வெரலப் பாருண்ணே."

"வெரலு இல்லாதவன் ஒலகத்துல எத்தனையோ பேரு."

நான் குறுக்கே புகுந்தேன். கண்ணாடித் தகடு, மங்கல் பக்கம், கைப்பிடி, பிறையில் கேட்ட பிட்டர் எல்லாவற்றையும் ஒழுங்காக, மேடையில் சொல்வதுபோல் சொன்னேன். "ஆகவே விரல் இல்லாதது இடது கை என்பது உறுதி. உங்கள் அப்பாவுக்கும் இடது கைதானே?" என்று முடித்தேன்.

முத்தையா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் கையா இருந்தா என்ன சார்? வீட்டுக்குத் திரும்பி வராத கை."

பாக்கியம் அக்கா படத்தின் மேல் பட்டிருந்த ஜாதிக்காய்ச் சாற்றை முந்தானையால் ஒற்றி எடுத்தார். பிறகு குழாயடிக்குக் கைகழுவப் போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் முத்தையா குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒன்று கேட்டார்.

"சார், இந்தப் படம் எந்தக் காலத்துல எடுத்தது? சண்டைக்கு முன்னயா, பின்னயா?"

'முன்னால்' என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏழு வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் வைத்துக்கொண்ட வருடம். அவர் ஏன் கேட்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும், இந்த மனிதரிடம் மேடைச் சரக்கை விற்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"எனக்குத் தெரியாது ஐயா. சண்டைக்கு முன்னால் என்று கூட்டங்களில் சொல்வேன். அது நானாகச் சொல்வது."

"பின்னயும் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். கத்தியை எடுத்து மறுபடியும் ஜாதிக்காயைப் பிளக்கத் தொடங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் படம் சண்டைக்குப் பின்னால் எடுத்தது என்றால், அதில் நிற்பவர் அவர்களுடைய அப்பா என்றால், அவர் சயாமில் சாகவில்லை. உயிரோடு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கூடாரத்தின் முன்னால் நின்றிருக்கிறார். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. சயாமுக்குப் போனார் என்று தங்கைக்குச் சொன்னவர் இந்த அண்ணன்தான். அவருக்கு வேறு ஏதாவது தெரியுமா? கண்ணாடி போடுவதற்கு முன்பே அவர் 'இல்ல' என்று சொன்னது படத்துக்கா, அப்பாவுக்கா? அல்லது உண்மையிலேயே மீசை வேறா? இது வெறும் என் கற்பனையா? விரலுக்குக் கதை கட்டியவன் அண்ணனுக்கும் ஒரு கதை கட்டுகிறேனா? ஒவ்வொரு வளைவிலும் ஒன்று உண்மை என்று பட்டது. அடுத்த வளைவில் அது போய்விட்டது. இந்த வயதிலும் எனக்கு அது தெளியவில்லை.

பாக்கியம் அக்கா வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆயர் ஈத்தாம் இறக்கத்தில் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க படிச்சவங்க. நேராச் சொல்லுங்க. இது எங்கப்பாவா, இல்லையா?"

தம்பிகளே, தங்கைகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். வேறு உருவத்தில் வரும். சபையில் விளக்கை அணைத்து, ஒரு வெளிச்சத்தைப் போட்டு, முன்னால் நின்று பேசுகிறவன் சொல்வதை ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். 'ஆம்' என்றால் அவர் நம்புவார். 'இல்லை' என்றாலும் நம்புவார். அவருடைய நாற்பது வருடம் என் வாயில் இருந்தது. ஆம் என்று சொல்ல எனக்கு ஒரு கை ஆதாரம் இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு மீசை ஆதாரம் இருந்தது. அண்ணன் கேட்ட அந்தக் கேள்வியைச் சொல்வதா வேண்டாமா என்பது வேறு. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். அது சரியா என்றும் எனக்குத் தெரியாது.

"தெரியல அக்கா" என்றேன்.

"நெசமாவா?"

"நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. கை இடது என்பது மட்டும்தான் தெரியும். ஆள் யார் என்று தெரியாது."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியலையா? அப்பச் சரி. இல்லன்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். தெரியலன்னா மாட்டலாம்ல?"

"மாட்டலாம் அக்கா."

"சாமி படத்துக்குக் கீழ எடம் பாத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நான் அந்த ஸ்லைடைக் கூட்டங்களில் காட்டினேன், நேராக. இவர்கள் யார் என்று தெரியாது என்பேன். சபை சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. பிறையில் அந்த மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கைப்பிடி விஷயத்தில் ராஜு கேட்டதுதான் சரி, நான் சொன்னது தவறு என்று தெரிவித்தேன். பதில் வரவில்லை. நீங்கள் கேட்கக்கூடும், இதனால் என்ன பாடம் என்று. 'தெரியாது' என்று சொல்லப் பழகுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் நான் அன்று 'தெரியாது' என்று சொன்னது நேர்மையாலா, அண்ணன் தங்கை இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பயத்தாலா என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதனால் அதைப் பாடமாகச் சொல்லத் தயங்குகிறேன். நடந்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பாசாரில் தேங்காய் வாங்கினேன். பாக்கியம் அக்கா திருவிய தேங்காயைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, கூட்டம் விலகும் வரை நிற்கச் சொன்னார்.

"சார், அண்ணே போன வாரம் வந்திருந்தாரு. வீட்ல மாட்டியிருக்கிறதப் பாத்துட்டுப் பேசாம சாப்பிட்டாரு. போகும்போது கேட்டாரு, அவருக்கும் ஒரு காப்பி வேணுமாம்."

"ஏன், என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல சார். பெருசா வேணாமாம். சட்டப் பையில வைக்கிற அளவுக்குச் சின்னதா வேணுமாம்."

அன்று பிற்பகலே கழுவினேன். நாலு ஓரமும் வெட்டி, என் சட்டைப் பையில் ஒரு முறை வைத்து அளவு பார்த்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.